காலியா இருக்கற ஒரு கட்டம்

பாப்பா,

அம்மா தூங்கிட்டா. வெளிய ஐப்பசி மழை கொட்டுது, ஏழு மணிக்கு போன கரண்ட் இப்பத்தான் வந்துச்சு. தெருவுல முட்டி அளவு தண்ணி, நம்ம வாசல்ல ரெண்டாவது படி வரைக்கும் ஏறியிருக்கு, நீ உடனே போன் பண்ணி பதறாத, 2015 மாதிரி எல்லாம் இல்ல, இது காலையில வடிஞ்சிடும். ஆனாலும் அம்மா விடல, பீரோ கீழ்த்தட்டுல இருக்கற ஃபைல் எல்லாம் மேல ஏத்துங்கனு ஒரே பிடிவாதம், அதனால பத்திரம், இன்சூரன்ஸ், பென்ஷன் புக் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்து பரண்ல வெச்சேன். அப்ப என் பாஸ்போர்ட் கவருக்குள்ள இருந்து அந்த இன்னொரு பாஸ்போர்ட் விழுந்துச்சு. அதாம்மா, இங்கிலாந்துல ரோமாபுரிக்காரன் கட்டுன ஹேட்ரியன் சுவர், அந்த நடைக்கு குடுத்தாங்களே, ஸ்டாம்ப் அடிக்கற அட்டை. ஏழு கட்டம். ஆறுல ஸ்டாம்ப் இருக்கு. ஒண்ணு காலி.

எது காலின்னு உனக்கு தெரியும். ஏன் காலின்னும் தெரியும். அதை பத்தி இந்த நாலு மாசமா நாம ரெண்டு பேரும் பேசல, சாப்டியா தூங்குனியா குளிருதான்னே ஓட்டிட்டோம். வாய்ஸ் நோட் போடுங்கப்பானு சொல்லுவ, எனக்கு வாய்ஸ் நோட்ல தொண்டை அடைச்சுக்கும், அதான் உக்காந்து தட்டறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோ, இந்த போன் 'ழ' அடிச்சா 'ள' போடுது.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் அந்த நடைக்கு வந்ததே சுவரை பாக்கறதுக்கு தான், உன்னோட பேசறதுக்குன்னு இல்ல. 34 வருஷம் சர்வேயரா ஊர் ஊரா எல்லைக்கல்லு தேடி அலைஞ்சவன் நான், கி.பி. 122ல ஒருத்தன் ஒரு நாட்டை இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு 117 கிலோமீட்டர் அளந்து சுவர் எழுப்புனான்னா அவன் வேலை எப்படி இருக்குனு பாக்கணும்ல. நம்ம பரங்கிமலையில இருந்து தான் 1802ல லாம்டன்னு ஒரு வெள்ளைக்காரன் பேஸ்லைன், அதாவது மொத அளவுக் கோடு போட்டு இந்தியாவையே அளக்க ஆரம்பிச்சான், அந்த மலையை தெனம் மொட்டை மாடியில இருந்து பாத்துட்டு காபி குடிக்கறவனுக்கு இந்த ஆசை கூட இல்லேன்னா எப்படி.

ஆனா நீ என்னை நேரா சுவருக்கு கூட்டிட்டு போகல, மொத நாள் மெட்ரோ ஏத்தி சவுத் ஷீல்ட்ஸ் கூட்டிட்டு போய் ஒரு கல்லறைக்கல்லை காட்டுன. சிரியாவுல பல்மைரா ஊர்க்காரன், பேரு பாராடீஸ், அங்க வந்து பிரிட்டன் பொண்ணு ஒருத்தியை அடிமைத்தனத்துல இருந்து விடுவிச்சு கட்டிக்கிட்டான், அவ பேரு ரெஜினா, 30 வயசுல செத்துட்டா. கல்லுல மேல லத்தீன்ல வெட்டியிருக்கு, அதுல இலக்கணம் தப்பும் தவறுமா இருக்குன்னு நீ சொன்ன. கடைசி ஒரு வரி மட்டும் அவன் ஊர் எழுத்துல, அது மட்டும் நல்லா ஓட்டமா, கை பழகுன எழுத்து. 'பாராடீஸ் விடுவிச்ச ரெஜினா, ஐயோ'ன்னு அர்த்தமாம். நான் அப்ப 'சரி சரி வா, பசிக்குது'ன்னு கிளம்பிட்டேன். இப்ப அந்தக் கல்லு தான் அடிக்கடி நெனப்புல வருது.

மறுநாள் வால்ஸெண்ட் ஸ்டேஷன்ல இறங்குனா போர்டெல்லாம் லத்தீன்ல. புகை பிடிக்காதீர்னு கூட லத்தீன்ல எழுதி வெச்சிருக்கான், யாருக்கு புரியும், ஜூலியஸ் சீசரா டிக்கெட் எடுக்க வரப்போறான். அங்க மொத ஸ்டாம்ப் அடிச்சோம். அங்க இருந்து போனஸ் வரைக்கும் 135 கிலோமீட்டர். சுவர் 117, பாதை 135, ஏன்னா பாதை சுவர் போன வழியிலயே போகாது, ஆத்தங்கரை, ஊரு, வயக்காடுன்னு சுத்தி வளைச்சு போகும். கடைசி ஊர் பேரு போனஸ்னு நீ சொன்னதும் 'தீபாவளி போனஸா'ன்னு கேட்டேன், நீ சிரிச்ச, அதுக்கப்புறம் எட்டு நாளும் அதையே சொல்லி கடுப்பேத்துனேன்.

சுவர் பத்தி நம்ம பார்க்ல வாக்கிங் வர்றவங்க கிட்ட சொன்னேன். எல்லாருக்கும் ஒரே கேள்வி தான், அது தானே ஸ்காட்லாந்து பார்டர்? இல்லய்யா, சுவர் மொத்தமும் இங்கிலாந்துக்குள்ள இருக்கு, கிழக்குப் பக்கம் பாத்தா இன்னிய எல்லை அங்க இருந்து 100 கிலோமீட்டருக்கு மேல வடக்க இருக்கு. சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. ரோமாபுரிக்காரனே அதை கட்டி 20 வருஷத்துல, 142ல, இன்னும் வடக்க போய் வேற ஒரு சுவர் எழுப்புனான், அப்புறம் அதை விட்டுட்டு பழைய சுவருக்கே திரும்பி வந்தான், 410 வாக்குல மொத்தமா கிளம்பிட்டான்.

வேலை சுத்தம்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு ரோமன் மைலுக்கும் ஒரு சின்னக் கோட்டை, நடுவுல ரெண்டு காவல் கோபுரம், அது நல்ல கணக்கு, மலை உச்சியானாலும் சரி பள்ளமானாலும் சரி பெரும்பாலும் கணக்குப்படி தான் வெச்சிருக்கான். ஆனா அஸ்திவாரத்தை 10 அடி அகலத்துக்கு போட்டுட்டு மேல வரும்போது 8 அடியா குறைச்சுட்டான் பாத்தியா, நடுவுல எஸ்டிமேட்டை வெட்டியிருக்காங்க, அதை பாத்ததும் எனக்கு நம்ம ஆபீஸ் ஞாபகம் வந்துடுச்சு. இந்தத் துண்டை கட்டுனது எந்தப் படைப்பிரிவுன்னு கல்லுலயே வெட்டி வெச்சிருக்கான், அது பிடிச்சுது எனக்கு, வேலையில குத்தம்னா யாரை கேக்கறதுன்னு தெரியும். மூணு லீஜியன் சேர்ந்து கட்டியிருக்கு. சுவருக்கு தெக்க அந்தப் பெரிய பள்ளம், வேலம்னு சொன்னியே, எதிரி வடக்க இருக்கான், பள்ளத்தை எதுக்கு சொந்தப் பக்கத்துல தோண்டுனான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். ராணுவ இடம், பொதுஜனம் உள்ள வராதேன்னு நடுவுல ஒரு புறம்போக்கு. நம்ம கண்டோன்மென்ட் பக்கம் முள்கம்பி போட்டிருக்கானே, அதே தான்.

ஹெட்டன் தாண்டுனதும் சுவரையே காணோம், ரோடு தான் இருக்கு. 1745ல ஸ்காட்லாந்துல கிளம்புன கலகத்துக்கு அப்புறம் பட்டாளம் போக ரோடு வேணும்னு சுவரை உடைச்சு அந்தக் கல்லையே கீழ போட்டு ரோடு போட்டாங்கன்னு நீ சொன்னதும் உனக்கு ஒரே கோவம். எனக்கு கோவமே வரல. எத்தனை கிராமத்துல எல்லைக்கல்லை புடுங்கிட்டு போய் போர்செட்டு பக்கத்துல துணி துவைக்கற கல்லா போட்டிருந்ததை நான் பாத்திருக்கேன் தெரியுமா. நல்ல கல்லு சும்மா கெடந்தா எந்த ஊர்க்காரனும் விட மாட்டான். கிளேட்டன்னு ஒரு வக்கீல், நியூகாசில் டவுன் கிளார்க்கு, சுவர் ஓடற நிலத்தை எல்லாம் ஒவ்வொண்ணா விலைக்கு வாங்கி காப்பாத்தி வெச்சிருக்கான் பாரு, அவனாலதான் நடுப்பகுதி மிச்சம். ஒரு டவுன் கிளார்க்குக்கு அவ்ளோ காசு எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்கப்படாது.

நான் ரொம்ப ரசிச்சது எது தெரியுமா, அந்த ரூல். புல்லு மேல போகும்போது ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் போகாதீங்க, பக்கத்துல பக்கத்துல சேர்ந்து நடங்கன்னு. ஒரே தடத்துல எல்லாரும் மிதிச்சா புல்லு செத்து மண்ணு தெரிஞ்சு மழை அரிச்சிடும், அடியில இன்னும் தோண்டாத ரோமன் சங்கதி எல்லாம் இருக்கு, அது கெட்டுடும். குளிர்காலத்துல ஈரமா இருக்கும், வராதீங்கன்னே கேட்டுக்கறாங்க. நான் பொறந்ததுல இருந்து வரப்புல நடந்தவன், வரப்புல ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் தான். தாத்தா முன்னாடி போவார், நான் அவர் குதிகாலை பாத்துட்டே போவேன், அவர் மூஞ்சி எனக்கு அவ்ளோவா ஞாபகம் இல்ல, குதிகால் வெடிப்பு நல்லா ஞாபகம் இருக்கு. இங்க நம்ம ஆதம்பாக்கத்துல பிளாட்பாரமே இல்ல, இருக்கற எடத்துல பைக் நிக்குது. அம்மாவும் நானும் கல்யாணம் ஆன நாளா ஒண்ணா தான் கோயிலுக்கு போறோம்னு பேரு, நான் முன்னாடி, அவ பத்தடி பின்னாடி. பக்கத்துல பக்கத்துல நடந்தா பேச்சு தானா வருது. மொத மூணு நாள் நாம பேசுனது நீ பன்னெண்டாவது முடிச்சதுல இருந்து பேசுன மொத்தத்தை விட ஜாஸ்தி.

சுவர் பக்கத்துல இருக்கற பழைய ரோமன் கோட்டை விண்டோலாண்டாவுக்கு ஒரு அரை நாள் அந்த ஏடி122 பஸ்ல போனோமே, அந்த ஓலை மாதிரி மரச்சீவல், போஸ்ட்கார்டு சைஸ்ல, 1973ல தோண்டி எடுத்தது. சுவர் கட்டறதுக்கு 20 வருஷம் முன்னாடியே அங்க இருந்த பட்டாளத்து வீட்டு லெட்டருங்க. யாரோ ஒருத்தருக்கு சாக்ஸும், செருப்பும், ரெண்டு ஜோடி ஜட்டியும் அனுப்பியிருக்கேன்னு ஒரு லெட்டர். அதை அம்மாகிட்ட போன்ல சொன்னப்போ 'பாத்தீங்களா, நான் பார்சல் அனுப்புனா மட்டும் திட்டறீங்க'ன்னா. இன்னொண்ணுல ஒரு பட்டாளத்தான் 2 டெனேரியஸ், ரோமன் வெள்ளிக்காசு, குடுத்து மிளகு வாங்குன கணக்கு. மிளகு எங்க இருந்து போயிருக்கும், நம்ம சேர நாட்டு முசிறி பக்கத்து மலையில இருந்து தான், வேற எங்க வெளையுது. அதை கேட்டதுல இருந்து அம்மா, 'ரோம்காரனுக்கே நம்ம மிளகு வேணும், நீங்க ரசத்துல மிளகு ஜாஸ்தின்னு சொல்லுங்க'ன்னு ஆரம்பிச்சுட்டா. அப்புறம் அந்த கிளாடியா செவேரா, செப்டம்பர் 11 என் பொறந்தநாள், நீ வந்தா தான் நல்லா இருக்கும்னு தோழிக்கு எழுதுனா. எழுத்தர் வேற ஒருத்தன் எழுதுனது, கடைசியில மட்டும் அவ கைப்பட நாலு வரி. அதையும் பாராடீஸ் கல்லையும் சேர்த்து யோசிச்சு பாரு. எல்லாத்தையும் எவனோ எழுதுனாலும் கடைசி வரி அவங்கவங்க கை.

சரி, விஷயத்துக்கு வரேன். ஹௌஸ்டெட்ஸ் கோட்டையில ஸ்டாம்ப் அடிச்சுட்டு கக்கூஸ் பாத்தோம் (1900 வருஷத்துக்கு முந்தின கக்கூஸ்ல தண்ணி ஓடறதுக்கு வாய்க்கா வெச்சிருக்கான், அதை பத்தி தனி லெட்டரே எழுதணும்), அங்க இருந்து ஏறி இறங்கி அந்த சைக்கமோர் கேப், ஒத்தை மரம் நின்ன பள்ளம். படத்துல எல்லாம் பாத்த மரம் இல்ல, 2023 செப்டம்பர்ல ஒரே ராத்திரியில ரம்பம் வெச்சு அறுத்துட்டானுங்க ரெண்டு பேரு. அடிக்கட்டை சுத்தி வேலி, உள்ள குட்டிக் குட்டியா துளிர். நீ அங்க உக்காந்து பிஸ்கட் பாக்கெட்டை பிரிச்ச, எனக்கு ரெண்டு குடுத்துட்டு ரொம்ப சாதாரணமா சொன்ன, 'அப்பா, ஐஎல்ஆர், அதான் இங்கயே நிரந்தரமா தங்கற அனுமதி, வந்து ஒரு வருஷம் ஆச்சு, சிட்டிசன்ஷிப் போடப் போறேன்.'

நான் எதுவும் சொல்லல. எந்திரிச்சு நடந்துட்டேன்.

அந்த நேரம் என் மனசுல என்ன ஓடுச்சுன்னு நீ நெனச்சிருப்ப, தேசபக்தி, கொடி, அது இதுன்னு. அதெல்லாம் இல்லம்மா. சர்வீஸ்ல இருந்தப்போ பட்டா மாறுதலுக்கு வருவாங்க, அண்ணன் தம்பிங்க கூட்டமா வருவாங்க, தங்கச்சி கல்யாணம் ஆகி வெளியூர் போயிட்டா சார், விடுதலைப் பத்திரம் எழுதி குடுத்துட்டா, பேரை எடுத்துடுங்கன்னு. சில சமயம் அந்தப் பொண்ணும் கூட வந்து நிக்கும், ஓரமா, தரையை பாத்துட்டு. தாசில்தார் ஆர்டர் போடுவார், பேர் மேல ஒரு செவப்பு கோடு. எத்தனை பேர் மேல அந்தக் கோடு விழுந்ததை நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்னு கணக்கே இல்ல. நீ பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணணும், அதுல கேன்சல்னு அடிப்பாங்கன்னு சொன்னதும் அந்த செவப்பு கோடு தான் கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு. இவ்ளோ தான் விஷயம். இதை அங்கயே சொல்லியிருக்கலாம். வாய் வரல.

அன்னிக்கு ராத்திரி தங்குன ஊர் பேரு ட்வைஸ் ப்ரூட், ரெண்டு தடவை காய்ச்சுனதுன்னு அர்த்தம், ரெண்டாம் டிகாஷன் மாதிரி தான் இருந்துச்சு நம்ம பேச்சும். மறுநாள் வின்ஷீல்ட்ஸ், 345 மீட்டர், மொத்த சுவர்லயும் அது தான் உச்சி, நான் விறுவிறுன்னு முன்னாடி போறேன், முட்டி வலியையும் மீறி, நீ அம்பதடி பின்னாடி. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நாயோட எதிர்ல வந்தாங்களே, நம்மளை பாத்து சிரிச்சுக்கிட்டே, சேர்ந்து நடங்க, புல்லு பாவம்னு சொன்னாங்க. நான் நின்னேன். நீ வந்து சேர்ந்த. அப்புறம் ஒரு ஆறேழு கிலோமீட்டர் பக்கத்துல பக்கத்துல நடந்தோம், ஒரு வார்த்தை பேசாம, புல்லுக்காக. இப்ப நெனச்சா சிரிப்பு வருது, அன்னிக்கு வரல.

சாயங்காலம் பேர்டாஸ்வால்ட் கோட்டை. நீ ஸ்டாம்ப் பெட்டிகிட்ட நின்னு, அப்பா உங்க கார்டு குடுங்கன்னு கையை நீட்டுன. நான் கேக்காத மாதிரி போயிட்டேன். உன் அட்டையில அடிச்சுக்கிட்ட, என்னோடது காலி. 63 வயசு ஆளு பண்ற வேலையா அது.

கார்லைல் தாண்டுனதும் சமவெளி, முட்டிக்கு நிம்மதி. சால்வே கரையில அந்த சதுப்பு, முதலாம் எட்வர்டு 1307ல ஸ்காட்லாந்து மேல படையெடுத்து போகும்போது அங்க தான் செத்தான்னு தூண் நிக்குதே, அதுக்கிட்ட கூட நான் வாய் திறக்கல, வழக்கமா ராஜா கதைன்னா நான் விட மாட்டேன். போனஸ்ல கடைசி ஸ்டாம்ப். தண்ணிக்கு அந்தப்பக்கம் ஸ்காட்லாந்து தெரிஞ்சுது, வேலியும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ போட்டோ எடுத்த, அந்த போட்டோவுல நான் வெறப்பா நிக்கறேன், அம்மா அதை தான் ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கா, தெனம் பாத்து அவமானமா இருக்கு.

அம்மாகிட்ட நீ அப்புறம் சொன்னது எனக்கு தெரியும். அவ ஒரு நாள் அழுதா, மறுநாள் நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடமாலை வேண்டிக்கிட்டு வந்து, அவளுக்கு எது வசதியோ அதை செய்யட்டும், நீங்க உம்முனு இருக்காதீங்கன்னு சொல்லிட்டா. என்னை விட அவளுக்கு சீக்கிரம் புரியும் எப்பவும்.

நான் விசாரிச்சேன், என் வழியில. வெளிநாட்டு குடிமகனா மாறுன இந்தியருக்கு குடுக்கற ஓசிஐ கார்டு எடுத்தா விசா பிரச்சனை இல்ல, எப்ப வேணா வரலாம், தங்கலாம். ஓட்டு போட முடியாது, விவசாய நிலம் வெலைக்கு வாங்க முடியாது, நான் தானமா எழுதி குடுக்கவும் முடியாது. ஆனா வாரிசா வர்றதுக்கு தடை இல்ல. அதை ரெண்டு வக்கீலை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். அதனால மதுராந்தகம் பக்கத்துல தாத்தாவோட 40 சென்ட் இருக்கே, அதுக்கு உயில் எழுதிட்டேன், உன் பேருக்கு. ஆடி மாசம் அளக்கறதுக்கு மனு போட்டேன், சர்வேயர் பையன் வந்தான், ஜிபிஎஸ் கருவி வெச்சு ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டான், நாங்க செயினை இழுத்து ஒரு நாள் பூரா பண்ணுவோம். நான் வாயை மூடிட்டு ஓரமா நின்னேன், நெஜமா. வடகிழக்கு மூலையில கல்லை காணோம். எங்க இருந்துச்சு சொல்லு? பக்கத்து நெலத்துக்காரர் போர்செட்டுல, துணி துவைக்க. சண்டை போடல, அவரே தூக்கிட்டு வந்து நட்டுக் குடுத்தார், டீயும் வாங்கி குடுத்தார்.

அதனால நீ போடு. ஃபார்மை போடு. அப்பா சரின்னு சொன்னார்னு இல்ல, உனக்கு 33 வயசு, என் சரி உனக்கு வேணாம், ஆனாலும் நான் சொல்லணும்னு இருக்கு, சொல்லிட்டேன். பழைய பாஸ்போர்ட்டை கேன்சல் அடிச்சு திருப்பி குடுத்தா தூக்கி போடாத, எனக்கு அனுப்பு, ஃபைல்ல வெக்கறேன். இன்னொண்ணு, நீ ஸ்கூல்ல இருந்து தமிழ்ல தான் கையெழுத்து போடற, நான் தான் பழக்குனேன், புது பாஸ்போர்ட்லயும் அப்படியே போட விடுவாங்களான்னு கேட்டுப் பாரு. விட்டா போடு. அந்த பாராடீஸ் மாதிரி.

அந்த ஸ்டாம்ப் பெட்டி மே 1ல இருந்து அக்டோபர் 31 வரைக்கும் தான் வெச்சிருப்பாங்களாம், அட்டையிலயே போட்டிருக்கு. மே மாசம் இங்க அக்னி நட்சத்திரம், எப்படியும் ஓடி வரணும். டிக்கெட் வெலை பாத்துட்டேன், இப்பவே போட்டா கொஞ்சம் கம்மி. இந்தத் தடவை அம்மாவும் வர்றா, 135 எல்லாம் வேணாம், பஸ்ல போய் கில்ஸ்லேண்ட்ல இறங்கிட்டா பேர்டாஸ்வால்ட் பக்கம் தானே, மெதுவா நடந்துடலாம். மூணு பேர் பக்கத்துல பக்கத்துல நடக்கற அளவுக்கு அங்க அகலம் இருக்கா, எனக்கு சரியா ஞாபகம் இல்ல, நான் தான் அன்னிக்கு எதையும் பாக்கலையே. நீ பாத்து சொல்லு. அம்மாவுக்கு ஷூ சைஸ் 5, கால் அகலம், அங்க வாங்கறதா இங்கயே வாங்கறதா?

தண்ணி முதல் படிக்கு இறங்கிடுச்சு. தூங்கறேன்.

அப்பா